80 வருட வீடு, பழைய வண்ணாரப்பேட்டை: மாடித் தண்ணீரை எங்கே இறக்குவது?

வண்ணை முற்றம் (ஜூலை)

வணக்கம். எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் கட்டியது, எப்படியும் 80 வருடம் ஆகிவிட்டது. மனை 20 அடி அகலம், 70 அடி நீளம். முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டை மாடி. நடுவில் சின்ன முற்றம். அதற்குப் பின்னால் சமையலறையும் ஒரு அறையும், மேலே மங்களூர் ஓடு. கடைசியில் 15 அடிக்குப் பின்வாசல் இடம், அதன் இடது மூலையில் கழிப்பறை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முற்றத்துத் தண்ணீர் தரைக்கு அடியில் ஒரு கல் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். ஆயா முற்றத்தில் மஞ்சள் இடித்துவிட்டு உரலைக் கழுவினால், வாசலில் மஞ்சளாக ஓடி வரும். அப்போது மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். ரோட்டின் மேல் ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டு, இப்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகிறோம். தூம்பைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டோம். இல்லையென்றால் தெருத் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும்.

2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது, திண்ணையை ஒட்டி ஒரு குழி போட்டார்கள். இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழம், உள்ளே செங்கல் துண்டும் மணலும். முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் இறங்கியது. அப்புறம் நின்றே போனது. அப்பா இருக்கும்போது ஒரு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் மாடிக் குழாயைக் கொண்டுபோய்க் கழிவுநீர் சேம்பரில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து கனமழை வந்தால் சேம்பர் பொங்கிக் கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அம்மா (73 வயது) முழங்கால் அளவு அழுக்குத் தண்ணீரில் நின்று அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றினார். அதற்குப் பிறகு மழை என்றாலே அவருக்குத் தூக்கம் கிடையாது.

வடக்குச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம். உப்பு பூத்துப் பெயர்ந்து விழுகிறது.

ஒரு ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, 15 அடிக்குப் போர் போட்டு மாடித் தண்ணீரை அதில் விடலாம், 45,000 ஆகும் என்கிறார். இன்னொருவர் பின்வாசல் முழுவதும் காங்கிரீட் போட்டுவிடுங்கள், சேறே இருக்காது என்கிறார். எனக்கு உறிஞ்சுகுழிதான் சரி என்று படுகிறது. ஆனால் எங்கே தோண்டுவது, எத்தனை உறை (சிமெண்ட் வளையம்) இறக்குவது, பழைய அஸ்திவாரத்துக்கு ஆபத்து உண்டா என்று தெரியவில்லை. இந்த மாதிரி வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை கிணத்தடி

அம்மா, போரும் வேண்டாம், காங்கிரீட்டும் வேண்டாம். இரண்டு பேருக்கும் இப்போதைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உறை எத்தனை என்பது கடைசியில் வரும் கேள்வி. அதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் உங்கள் தெருவில் நிலத்தடித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? அடியில் மணலா களிமண்ணா? கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது? பின்வாசலில் கிணறு இருந்ததா? அந்தக் காலத்து வீட்டில் கிணறு இல்லாமல் இருந்திருக்காது, அம்மாவிடம் கேளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் இப்போது அளந்தால் கிடைக்காது. ஆடியில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் ஆழத்தில்தான் இருக்கும். கார்த்திகையில் அது எங்கே நிற்கும் என்பதுதான் கணக்கு. பக்கத்தில் யார் வீட்டிலாவது உறைக்கிணறு இருந்தால் டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். வருடா வருடம் தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தில் பாசி காய்ந்து ஒரு கோடு விழுந்திருக்கும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். குழியின் அடி அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு அடியாவது விட்டு நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற அந்த இரண்டு அடி உலர்ந்த மண்தான் தண்ணீரை இழுக்கும், வடிகட்டவும் செய்யும். 15 அடிப் போர் என்கிறாரே, மழை நேரத்தில் அதில் பாதி ஏற்கெனவே தண்ணீரில் நிற்கும். மாடியில் இருக்கிற காக்கை எச்சம் வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடித் தண்ணீரில் போய்க் கலக்கும்.

மண்ணுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பின்வாசல் நடுவில் மூன்று நான்கு அடி தோண்டி, அதன் அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி சின்னக் குழி எடுங்கள். தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். திரும்ப நிரப்புங்கள், வற்றட்டும். மூன்றாவது முறை நிரப்பி, ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு முறை காய்ந்த மண் தாகத்தில் குடிக்கும், அதை நம்பக் கூடாது.

இன்னொன்று, இது அவசரம். சேம்பரில் சேர்த்த மாடிக் குழாயை இந்த வாரமே வெட்டிவிடுங்கள். சென்னையில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர்க் குழாயை மாடித் தண்ணீருக்குக் கணக்குப் போட்டுப் போடவில்லை. தெருவில் பத்து வீடு அதில் மழையை விட்டால், பள்ளத்தில் இருக்கிற வீட்டுக் கழிப்பறையில்தான் அது வெளியே வரும். அந்தப் பள்ளத்து வீடு உங்களுடையது.

வியாசை

அக்கா, குழி போடுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள் என்று ஐயா சொன்னதை நானும் சொல்கிறேன். நான் பார்க்காமல் போட்டுவிட்டு அவதிப்பட்டவள்.

எங்கள் வீடு வியாசர்பாடி, கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கம். திருவொற்றியூரில் என் நாத்தனார் வீட்டில் ஆறு உறை இறக்கினார்கள், எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணியில் காலி. அதே கொத்தனாரைக் கூட்டி வந்து அதே ஆறு உறை எங்கள் வீட்டிலும் போட்டோம். முதல் மழைக்கே நிரம்பியது. அப்படியே 9 நாள் நின்றது. எங்கள் மண் பிசைந்தால் பிள்ளையார் பிடிக்கலாம், அவ்வளவு களி. கால்வாய் நிரம்பி ஓடும்போது பூமியே நிரம்பி இருக்கும், குழித் தண்ணீர் எங்கே போகும்? மூடியைத் திறந்தால் கொசுப் புழு நெளிகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு வந்தபோது எனக்கு மனசே சரியில்லை.

கடைசியில் அதே குழிக்கு அடியில் சிமெண்ட் பூசி, மூட்டுகளையும் அடைத்து, தொட்டியாக மாற்றிக்கொண்டோம். நிரம்புகிற வரை சேரும், துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் அதுதான். மேலே நிரம்பினால் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. களிமண் இடத்துக்கு இதுதான் சரி.

வண்ணாரப்பேட்டை கடற்கரைப் பக்கம், மணலாகத்தான் இருக்கும் என்பார்கள். இருந்தாலும் தோண்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் எந்தக் குட்டையை எதைக் கொட்டித் தூர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வண்ணை முற்றம் (ஆகஸ்ட்)

ஐயா, வியாசை சகோதரி, இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் திண்ணையோரப் பழைய குழியைத் திறந்தோம். மேலே நான்கு அங்குலம் கறுப்புச் சேறு. வேப்பம்பூவும் புழுதியும் மாடியில் பெயர்ந்த சுண்ணாம்பும் சேர்ந்து, கரண்டியில் எடுத்தால் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கொத்தனார் அதை வழித்துப் போட்டுவிட்டுக் கீழே இருந்த செங்கல் துண்டை எடுத்துக் காட்டினார். காய்ந்து இருந்தது. சூளையிலிருந்து இறக்கிய மாதிரி சிவப்பு, கையில் தூள் ஒட்டியது. இத்தனை வருடமாக மாடித் தண்ணீர் அந்த நான்கு அங்குலத்தைத் தாண்டவே இல்லை. குழி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு அடை பிடித்திருந்தது, அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை அதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒரு வருடம்கூட விட்டிருக்க மாட்டார்.

அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதும் தெரிந்துவிட்டது. குழிக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவில் இரண்டு அடி கூட இல்லை. மாடிக் குழாயைச் சேம்பருக்கு மாற்றும் வரை, நிரம்பி வழிந்தது அத்தனையும் சுவரின் அடியில் போயிருக்கிறது.

மூன்று வீடு தள்ளி ஒரு பெரியம்மா வீட்டில் உறைக்கிணறு இன்னும் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தோம். ஐயா சொன்ன கோடு அப்படியே இருக்கிறது, கீழே பச்சை, மேலே வெள்ளை. தரையிலிருந்து ஆறரை அடி. மிக்ஜாம் அன்று அதற்கும் மேலே ஏறி நின்றதாகப் பெரியம்மா சொன்னார்.

மண்: முதல் இரண்டரை அடி எல்லாமே கொட்டி மேடாக்கியது. ஓட்டுச் சில்லு, கரி, பீங்கான் துண்டு, ஒரு பழைய மை புட்டி. அதற்குக் கீழே நல்ல மணல், கையில் எடுத்தால் கிளிஞ்சல் பொடி மின்னுகிறது. மூன்றாவது முறை நிரப்பியபோது ஒரு அங்குலம் இறங்க இரண்டு நிமிடம்.

கழிவுநீர்க் குழாய் இடது சுவரை ஒட்டியே தெரு வரை போகிறது. பழைய கல் குழாய், மூட்டு எப்படி இருக்கிறதோ.

கிணறு இருந்திருக்கிறது. துணி துவைக்கிற கல்லுக்கு அடியில். தண்ணீர் உப்பாக மாறியதும் இடிசல் கொட்டி மூடிவிட்டார்களாம். பாதிதான் நிரம்பியது, மேலே பலகைக்கல் போட்டிருக்கிறது என்று அம்மா சொல்கிறார். அதைத் திறந்து ஒரு ஆளை இறக்கி, இடிசலை எடுத்துவிட்டு அதையே உறிஞ்சுகுழியாக வைத்துக்கொள்ளலாமா? குழி தோண்டும் செலவு மிச்சமாகும்.

உறைக்காரர் மகன்

அக்கா, அந்தப் பலகைக்கல்லைத் திறக்காதீர்கள்.

எங்கள் அப்பா கொருக்குப்பேட்டையில் 30 வருடம் கிணறு வெட்டி உறை இறக்கியவர். மூடிக் கிடந்த கிணற்றில் ஆள் இறங்கக் கூடாது என்பதுதான் எனக்கு அவர் முதலில் சொல்லிக் கொடுத்த பாடம். உள்ளே காற்று செத்துப்போயிருக்கும். குப்பை மக்கிய இடம் என்றால் விஷ வாயுவும் இருக்கும், பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கினவன் இரண்டு மூச்சில் விழுவான், அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். மெழுகுவர்த்தி விட்டுப் பார்த்தோம், அணையவில்லை, இறங்கலாம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்கிற வாயுவும் உண்டு. அப்பாவோடு வேலை செய்த ஒரு அண்ணன் அப்படித்தான் போனார். எனக்கு அப்போது 11 வயது.

பாதி தூர்த்த கிணறு இன்னொரு விதத்திலும் ஆபத்து. அதன் மேல் தண்ணீர் விட்டால் இடிசல் உள்வாங்கும், பலகைக்கல்லோடு இறங்கும். துவைக்கிற கல்லை அங்கிருந்து எடுத்துவிட்டு, தெருவில் நின்று லாரி மணலைச் சேம்பர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிரப்பச் சொல்லுங்கள். ஆள் வெளியேதான் நிற்க வேண்டும்.

புதுக் குழியை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள். நான்கு அடி விட்டமுள்ள, ஒரு அடி உயர உறை, 4 எண்ணம் போதும். மணல் இடம் என்பதால் ஒன்று சொல்கிறேன். குழியை வெட்டிவிட்டு அப்புறம் உறையை இறக்கலாம் என்று கொத்தனார் சொல்வார். மணலில் நான்கடி வெட்டினால் பக்கம் சரியும். சரிந்தால் சுவர் வரை போகும். உறையைத் தரையில் வைத்து, ஆள் உறைக்குள் உட்கார்ந்து மண்ணை அள்ள வேண்டும். அள்ள அள்ள உறை தன் கனத்திலேயே இறங்கும். மூழ்கியதும் மேலே அடுத்த உறை. கிணற்றுக்கு எப்படியோ அப்படித்தான்.

தண்டையார்பேட்டை கிணத்தடி

தம்பி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், கிணறு பற்றி நான் கேட்டது திறந்து இருக்கிற கிணற்றை மனதில் வைத்து. ஒரு திருத்தம் மட்டும்: மணல் தள்ளுவது பலகைக்கல்லின் இடுக்கு வழியாகத்தானே, சேம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது கணக்கு. ஒரு சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டுக்கூரை 400, முற்றம் 80, ஆக 480 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 4 சென்டிமீட்டர் கொட்டினால் 1,900 லிட்டர் வரும். நான்கு அடி உறை ஒன்று, ஒரு அடி உயரத்துக்கு 350 லிட்டர் கொள்ளும். நான்கு உறைக்கு 1,400. உங்கள் மண் இழுக்கிற வேகத்தில் அடி வழியாக மட்டும் மணிக்கு 800, 900 லிட்டர் இறங்கிவிடும். ஆக பின்கட்டுக்கு ஒரே குழி தாங்கும். ஜல்லி போட்டு நிரப்பிவிடாதீர்கள். நிரப்பினால் 1,400 லிட்டர் இடத்தில் 500 லிட்டர்தான் நிற்கும், மீதி இடத்தைக் கல் எடுத்துக்கொள்ளும். அடியில் அரை அடி ஜல்லி போதும், தண்ணீர் விழுந்து மணலைப் பறிக்காமல் இருக்க.

ஆழம் நாலரை அடிக்கு மேல் போகாதீர்கள். கோடு ஆறரையில் இருக்கிறது.

உறையில் பக்கத் துளை போட்டுச் சுற்றிலும் ஜல்லி அடைக்கச் சொல்வேன் பொதுவாக. உறையை உள்ளிருந்து இறக்கினால் அது முடியாது. யோசித்துப் பார்த்தால் உங்கள் மனையில் துளை இல்லாமல் இருப்பதுதான் நல்லது. தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் கீழே போகட்டும். பின்வாசல் 15 அடியின் நடுவில் வைத்தால் முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு சுவருக்கும் ஐந்தரை அடி கிடைக்கும். இடது சுவரிலிருந்து எட்டு அடியாவது தள்ளுங்கள், அந்தக் கல் குழாய் எனக்குப் பயமாக இருக்கிறது.

குழிக்கு முன்னால் ஒரு வடிதொட்டி அவசியம். இரண்டடிக்கு இரண்டடி செங்கல் கட்டு, அடியில் ஜல்லி, மேலே நைலான் வலை, வலைக்கு மேல் ஒரு அடி பெருமணல். வலை இல்லையென்றால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும். நீங்கள் பார்த்த அந்த அல்வா இனிமேல் இந்த மணலின் மேல்தான் படியும். புரட்டாசியில் மேலே இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புது மணல் போடுங்கள். அரை மணி நேர வேலை. சீசனின் முதல் மழையை மட்டும் உள்ளே விடாமல் வெளியே விட்டுவிடுங்கள், ஒன்பது மாதப் புழுதி அதில்தான் இருக்கும்.

முன்கட்டுக்கு வருகிறேன். தெரு வீட்டைவிட உயரம் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். மாடிக்கு அந்தத் தெரு உயரம் இல்லையே அம்மா! அந்தத் தண்ணீர் 12 அடி உயரத்தில் இருக்கிறது. நாம்தான் அதைத் தரைக்கு இறக்கிவிட்டு, அப்புறம் மேலே ஏற வழியில்லாமல் முழிக்கிறோம். மாடிக் குழாயை நான்கடி உயரத்தில் வெட்டி, முழங்கை வளைவு (எல்போ) போட்டு, சுவரோடு கொண்டுபோய்த் தெருவோர மழைநீர் வடிகாலில் விடுங்கள். தானாக ஓடும். நடுவில் ஒரு டிரம் வைத்தால் வாசல் தெளிக்கவும் செடிக்கும் ஆகும். முன்கட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் காலே வைக்க வேண்டாம்.

உறைக்காரர் மகன்

ஆமாம் ஐயா, பலகைக்கல் இடுக்குதான், தவறாக எழுதிவிட்டேன். தெருவில் நின்று என்பதும் தப்பு, கல்லுக்கு வெளியே நின்று.

சுவர் ஓதத்துக்கும் ஒரு வார்த்தை. அக்கா, அந்தச் சுவரில் பின்னாளில் யாராவது சிமெண்ட் பூச்சு பூசியிருப்பார்கள், பாருங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர முடியாமல் மேலே ஏறும். நான்கடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு.

வண்ணை முற்றம் (நவம்பர்)

எல்லோருக்கும் ஒரு தகவல். செப்டம்பர் கடைசியில் வேலையை முடித்தோம். உறை, வடிதொட்டி, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 17,200 ஆனது.

உறை இறங்குவதை நாள் முழுக்க அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். உள்ளே இருந்த ஆள் சின்ன மண்வெட்டியால் ஓரத்தில் சுற்றிச் சுற்றிப் பறிக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையாது. திடீரென்று 'தொப்' என்று உறை மூன்று விரல் இறங்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் பறிப்பதை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் பறிக்கிறார், நேராகிவிடுகிறது. நாலரை அடியில் மணல் ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். "இன்னும் இரண்டு உறை போடலாம்மா, பலமாக இருக்கும்" என்றார் கொத்தனார். பெரியம்மா வீட்டுக் கிணற்றுக் கோட்டைப் பற்றிச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

முற்றத்துத் தண்ணீரைப் பின்பக்கம் திருப்பத்தான் பாடுபட்டோம். தாத்தா சரிவைத் தெருப் பக்கம் வைத்திருந்தார். சமையலறை நடையில் தளத்தைப் பெயர்த்து, 20 அடி நீளத்துக்கு மூன்று அங்குலச் சரிவில் குழாய் புதைத்தோம். பெயர்த்த இடத்தில் பழைய கற்களையே திரும்பப் பதித்துவிட்டார்கள்.

போன வாரம் இரவு நல்ல மழை. பத்து மணிக்கு ஆரம்பித்து விடவே இல்லை. நானும் அம்மாவும் டார்ச்சோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி வரை குழி முக்கால்தான். அப்புறம் காற்றோடு ஒரு பெருமழை வந்தது. இரண்டு மணிக்கு மூடியின் ஓரத்தில் தண்ணீர் தெரிந்தது, மெல்ல வழிந்து பின்வாசலில் உள்ளங்கை உயரம் நின்றது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. படிக்கு இன்னும் ஆறு அங்குலம் இருந்தது. காங்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டதால் அந்தத் தரையும் குடித்தது. நாலரை மணிக்கு மூடியைத் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர் இரண்டாவது உறைக்கு இறங்கியிருந்தது. விடிந்தபோது அடி ஜல்லி தெரிந்தது.

கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். பீங்கான் காய்ந்து இருந்தது. தெருவில் இரண்டு வீட்டில் சேம்பர் பொங்கியது, எங்கள் வீட்டில் பொங்கவில்லை. இன்னும் பலமான புயல் வந்தால் தெருத் தண்ணீர் வாசல் வழியாக வரத்தான் செய்யும், அதற்கு நிலைப்படியில் பலகை சொருகக் காடி வெட்டி வைத்திருக்கிறேன். எங்கள் கூரைத் தண்ணீரே எங்கள் வீட்டை மூழ்கடிக்கிற நிலைமை போய்விட்டது.

அம்மா மூன்று மணிக்கே போய்ப் படுத்துவிட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவர் தூங்கினார்.

வியாசை

படித்தவுடன் கண் கலங்கிவிட்டது அக்கா. மூடியின் ஓரத்தில் இடுக்கு இருக்கிறது போலத் தெரிகிறதே, கொசு வலை அடித்துவிடுங்கள். மணல் இடத்தில் தண்ணீர் நிற்காதுதான், ஆனால் வடிதொட்டியில் நிற்கும்.

தண்டையார்பேட்டை கிணத்தடி

நல்லது அம்மா. மழை விட்ட மறுநாள் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தீர்களா? தண்ணீர் எத்தனை அடி?

வண்ணை முற்றம்

பார்த்தேன் ஐயா. ஏழே கால் அடி. கோட்டுக்கு இன்னும் முக்கால் அடி கீழே. கார்த்திகை முடியும் வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் அளந்து காலண்டரில் எழுதி வைக்கிறேன்.

வியாசை சகோதரி, வலை வாங்கியாகிவிட்டது, நாளைக்கு அடித்துவிடுகிறேன். வடக்குச் சுவரில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தாகிவிட்டது. தம்பி சொன்னது போலவே உள்ளே செங்கல் ஊறிப்போய் இருந்தது. கோடை முழுக்கக் காயட்டும், ஆடிக்குப் பிறகுதான் சுண்ணாம்பு. அதுவரை அலமாரியை அந்தச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம்.